மாடல் பிளேன் இன்ஜின்ல பவர் குறையுதா? எப்ப குறையுதுன்னு முதல்ல பாருங்க

மாடல் பிளேன் விடுற பசங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், "அண்ணே, இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா தம் இல்ல, என்னவா இருக்கும்?" இதுக்கு நேரா பதில் சொல்ல முடியாது, ஏன்னா பவர் குறையுறதுக்கு இருபது காரணம் இருக்கும். ஆனா ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்டா அந்த இருபதும் மூணு நாலா சுருங்கிரும். எப்ப குறையுது?

ஆரம்பத்துல இருந்தே இல்லையா, இல்ல ஸ்டார்ட் பண்றப்ப பிளக்குக்கு கரண்ட் குடுக்குற இக்னைட்டரை கழட்டுன உடனே விழுதா, இல்ல தரையில சூப்பரா கத்திட்டு மேல மூக்கைத் தூக்குன உடனே மூச்சு வாங்குதா, இல்ல ரெண்டு மூணு நிமிஷம் நல்லா ஓடி சூடான பிறகு தொங்குதா, இல்ல டேங்க் பாதி காலியான பிறகா, இல்ல போன மாசம் நல்லா இருந்தது இந்த மாசம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டே வருதா? ஒவ்வொண்ணுக்கும் தேட வேண்டிய இடம் வேற. இத கவனிக்காம நம்மாளுங்க செய்ற முதல் வேலை ஸ்பேனர எடுத்து ஹெட்டைக் கழட்டுறது, அதுதான் கடைசி வேலையா இருக்கணும். நல்லா இருந்த இன்ஜினைக் கழட்டி மாட்டி அதுல புதுசா ஒரு லீக்கை உண்டாக்கி, இப்ப ரெண்டு பிரச்சனைன்னு வந்து நிக்கிறவங்கள அடிக்கடி பாக்கலாம்.

இங்க நான் சொல்றது எல்லாம் க்ளோ இன்ஜினுக்கு, அதாவது மெத்தனால்ல ஓடுற சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பழகுறவங்க கையில அதிகமா இருக்கிறது நாப்பதுல இருந்து நாப்பத்தாறு சைஸ், 46 சைஸ்னா 0.46 கன இன்ச், நம்ம கணக்குல சுமார் 7.5 சிசி. இப்ப எல்லாரும் எலெக்ட்ரிக்குக்கு போயிட்டாங்க, இருந்தாலும் இங்க தென்னாப்பிரிக்காவுல ஜோஹன்னஸ்பர்க்லயும் டர்பன்லயும் கிளப்புக்கு போனீங்கன்னா அந்த ஆமணக்கெண்ணெய் புகை வாசனை இன்னும் அடிக்கும், பழைய இன்ஜினை விக்கிறவங்களும் நிறைய இருக்காங்க, கம்மி ரேண்டுக்கு கிடைக்கும்.

சரி, இது எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் பாத்துருவோம், ஏன்னா அது தெரியாம கோளாறு பிடிக்க முடியாது. பெட்ரோல் ஸ்கூட்டர்ல ஸ்பார்க் பிளக் இருக்கும், குறிப்பிட்ட நேரத்துல பொறி அடிக்கும். க்ளோ இன்ஜின்ல பொறியே கிடையாது. பிளக்குக்குள்ள பிளாட்டினம் கலந்த ஒரு சின்ன சுருள் கம்பி இருக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வெளிய இருந்து ஒன்றரை வோல்ட் கொடுத்து அத சிவக்க வைக்கிறோம், ஓட ஆரம்பிச்சதும் இக்னைட்டரை எடுத்துடுறோம். அதுக்கப்புறம் எரியுற சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்து மேல படும்போது நடக்கிற ரசாயன வினையும் சேர்ந்து கம்பியை அணைய விடாம வச்சிருக்கும். 1947 வாக்குல அமெரிக்காவுல ரே ஆர்டன் இந்த பிளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தாரு, அதுக்கு முன்னாடி காயில், பேட்டரி, கண்டென்சர்னு எல்லாத்தையும் பிளேன்லயே தூக்கிட்டுப் பறக்கணும்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பொறி இல்லாததால டைமிங்னு தனியா திருப்புறதுக்கு ஒண்ணும் இல்ல. எப்ப தீ பிடிக்கணும்ங்கிறத கம்ப்ரஷன், பிளக்கோட சூடு, எரிபொருள்ல கலந்திருக்கிற நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), காத்தும் எரிபொருளும் கலக்கிற அளவு, இது நாலும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. அதனாலதான் நீடிலை, அதாவது கார்பரேட்டர்ல எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகை, கொஞ்சம் திருப்புனாலே இன்ஜின் ஆளே மாறிப்போகுது, நீங்க மிக்ஸ்சரை மட்டும் மாத்தலை, டைமிங்கையும் சேர்த்து மாத்துறீங்க. பவர் கம்ப்ளெயின்ட்ல பெரும்பகுதி இந்த மிக்ஸ்சர்லயேதான் முடியும்னு நான் தைரியமா சொல்றதுக்கு காரணம் இதுதான்.

எரிபொருள் அதிகமா போனா ரிச், கம்மியா போனா லீன். ரிச்சா இருந்தா வெள்ளைப் புகை கெட்டியா வரும், சத்தம் கொழகொழன்னு இருக்கும், ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு) ஏறாது, பிளேன் பின்னாடி எல்லாம் எண்ணெய் வழியும். இது பவரைக் குறைக்கும் ஆனா இன்ஜினைக் கொல்லாது. லீன்தான் ஏமாத்துற கள்ளன். நீடிலை உள்ள திருப்ப திருப்ப சத்தம் கூர்மையாகும், ஆர்பிஎம் ஏறும், கேக்கவே ஆசையா இருக்கும், உச்சத்துக்குப் போய் நிக்கும், அங்கேயே விட்டுட்டா கொஞ்ச நேரத்துல சூடாகி இறங்க ஆரம்பிக்கும், புகையே தெரியாது, எரிபொருளோட சேர்ந்துதான் எண்ணெயும் போகுதுங்கிறதால எரிபொருள் குறைஞ்சா எண்ணெயும் குறையும், பிஸ்டனும் அது ஓடுற குழாயான லைனரும் காய்ஞ்சு உரசும். பவர் இல்லைன்னு சொல்றவங்க நிறைய பேர் அந்த நேரத்துல நீடிலை இன்னும் உள்ள திருப்புவாங்க, அதுதான் பெரிய ஆபத்து.

சரியான செட்டிங் உச்சம் இல்ல. ஃபுல் த்ராட்டில்ல உச்ச ஆர்பிஎம் எங்கன்னு கண்டுபிடிச்சு, அங்க இருந்து நீடிலை வெளிய திருப்பி ஒரு 200ல இருந்து 400 ஆர்பிஎம் குறைச்சு வைக்கணும், ஆர்பிஎம் அளக்குற டாக்கோமீட்டர் இல்லைன்னா காதாலயே "இப்ப லேசா இறங்குச்சு" னு தெரியுற அளவு. ஏன் குறைச்சு வைக்கணும்னா, மேல பறக்கும்போது ப்ராப்புக்கு (முன்னாடி சுத்துற விசிறிக்கு) லோடு குறைஞ்சு இன்ஜின் இன்னும் வேகமா சுத்தும், அப்ப மிக்ஸ்சர் தானா லீன் பக்கம் போகும், டேங்க் காலியாக ஆக இன்னும் கொஞ்சம் லீன் ஆகும். தரையில உச்சத்துல வச்சா மேல உச்சத்தைத் தாண்டிரும்.

சோதிக்க ரெண்டு வழி. ஃபுல் த்ராட்டில்ல ஓடும்போது கார்பரேட்டருக்கு வர்ற டியூபை விரலால ஒரு நொடி அழுத்தி விடுங்க. ஆர்பிஎம் லேசா ஏறி அப்புறம் விழுந்தா, கொஞ்சம் ரிச்சா இருக்கு, நல்லது. ஏறவே இல்லாம நேரா விழுந்தா ஏற்கனவே லீன். ரொம்ப நேரம் கொழகொழன்னு ஏறிக்கிட்டே போனா ரொம்ப ரிச். ரெண்டாவது, பிளேனை ஒருத்தர் கெட்டியா பிடிச்சு மூக்கை மேல பாத்து தூக்கிக் காட்டணும், ஃபுல் த்ராட்டில்லதான். சத்தம் அப்படியே நின்னாலோ லேசா ஏறினாலோ சரி, தொங்குனா லீன். இதெல்லாம் செய்யும்போது நீடிலை திருப்புற ஆள் ப்ராப்புக்குப் பின்னாடி இருக்கணும், முன்னாடியோ பக்கவாட்டுலயோ தலை நீட்டக்கூடாது, தொளதொளன்னு சட்டைக் கையோ ஐடி கார்டு கயிறோ தொங்கக்கூடாது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப இந்த ஊருக்குன்னே உள்ள விஷயத்துக்கு வர்றேன். டர்பன் கடல் மட்டத்துல இருக்கு, ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல சுமார் 82 சதவீதம்தான். இன்ஜின் இழுக்கிற ஒவ்வொரு மூச்சுலயும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் கம்மி, எரிக்க முடியுற எரிபொருளும் கம்மி, பவரும் கம்மி. இது கோளாறே இல்ல, ஹைவெல்ட்ல, அதாவது ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற இந்த மேட்டு நிலத்துல, இருக்கிற எல்லா இன்ஜினுக்கும் உள்ள விதி.

டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு அண்ணா வார லீவுக்கு பக்கியில (பிக்கப் வண்டியில) பிளேனைப் போட்டு என்3 ரோட்டுல ஏறி இங்க ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்தாரு. கீழ தீ மாதிரி பறந்த இன்ஜின் இங்க புகையா கக்குது, த்ராட்டில் குடுத்தா கொழகொழங்குது. "பிஸ்டன் ரிங் போச்சுடா தம்பி, ஐஷ், புது இன்ஜின்தான்" னு அவரே தீர்ப்பு எழுதிட்டாரு. ரிங்குக்கு ஒண்ணுமில்ல, காத்து குறைஞ்ச இடத்துக்கு வந்தும் நீடில் கடற்கரை அளவுலயே திறந்திருக்கு, அவ்வளவுதான். கால் சுத்து உள்ள திருப்புனதும் சத்தம் தெளிஞ்சிருச்சு. திரும்பிப் போகும்போது அவருக்குச் சொல்லி அனுப்புனது இதுதான்: டர்பன்ல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நீடிலை வெளிய எடுத்துடுங்க, இங்க வச்ச செட்டிங்ல அங்க ஓட்டுனா கெட்டியான காத்துக்கு எரிபொருள் பத்தாது, லீனா ஓடி லைனர் கோடு விழுந்துரும். மேல ஏறி வர்றவனுக்கு பிளேன் மட்டும்தான் மந்தமாகும், கீழ இறங்குறவனுக்குத்தான் இன்ஜினே போகும். டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட கடற்கரைக்குப் போறப்ப பிளேனையும் தூக்கிட்டுப் போற ஜோஹன்னஸ்பர்க் ஆளுங்க இத கவனிக்கணும்.

இதுல இன்னொரு குழப்பம் இருக்கு. ஹைவெல்ட்ல டாக்கோமீட்டர் வச்சுப் பாத்தா ஆர்பிஎம் பெருசா குறைஞ்சிருக்காது! ஏன்னா காத்து மெலிசா இருந்தா இன்ஜின் பவரும் குறையும், அதே காத்தைத் தள்ளுற ப்ராப்போட லோடும் குறையும், ரெண்டும் ஈடாயிடும். ஆனா அதே ஆர்பிஎம்ல ப்ராப் இழுக்கிற இழுவை குறைஞ்சுதான் இருக்கும், சிறகு தூக்குறதும் குறைஞ்சுதான் இருக்கும், அதே எடைக்கு சுமார் பத்து சதவீதம் கூடுதல் வேகம் இருந்தாதான் பிளேன் எந்திரிக்கும். ஆகையால ஆர்பிஎம் சரி, சத்தம் சரி, ஆனா ஓடுபாதை நீளமா வேணும், ஏற மாட்டேங்குதுன்னா இன்ஜினைக் குத்தம் சொல்லாதீங்க. மத்தியான வெயில் முப்பது டிகிரின்னா இன்னும் மோசம், இன்ஜினுக்கு அது கிட்டத்தட்ட 2,600 மீட்டர் உயரத்துல இருக்கிற மாதிரி. காலையில நல்லா பறந்தது ரெண்டு மணிக்கு மந்தமாச்சுன்னா இதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

ஈடு கட்ட வழி இருக்கு. 11க்கு 6 ப்ராப் (விட்டம் 11 இன்ச், பிட்ச் 6 இன்ச், பிட்ச்னா ஒரு சுத்துல முன்னாடி போற தூரம்) போட்டிருந்தா 12க்கு 4 போட்டுப் பாக்கலாம், விட்டம் பெருசு பிட்ச் கம்மி, இன்ஜினுக்கு ஏறக்குறைய அதே லோடு, இழுவை கூடும், வேகம் கொஞ்சம் போகும், டிரெய்னர் பிளேனுக்கு அது நஷ்டமே இல்ல. தரையில ப்ராப் நுனி இடிக்காதான்னு மட்டும் பாத்துக்கோங்க. இன்னொன்னு நைட்ரோ. நைட்ரோமீத்தேன் தனக்குள்ளயே ஆக்சிஜன் வச்சிருக்கிற சரக்கு, ஒரு பங்கு எரிய சுமார் 1.7 பங்கு காத்து போதும், மெத்தனாலுக்கு சுமார் 6.5 பங்கு வேணும், பெட்ரோலுக்கு 14.7. அதனால 5 சதவீதத்துல இருந்து 15 சதவீத நைட்ரோவுக்கு மாறுனா உயரத்துல இழந்ததுல ஒரு பகுதி திரும்பி வரும், நீடிலை மட்டும் கொஞ்சம் கூடுதலா திறக்கணும். விலைதான் கையைக் கடிக்கும். என் கருத்துல பழகுறவங்களுக்கு ப்ராப் மாத்துறதே போதும்.

டர்பன் பக்கம் வேற கதை, அங்க ஈரப்பதம். கோடையில காத்துல இருக்கிற நீராவி ஆக்சிஜனோட இடத்தைப் பிடிச்சுக்கும், புழுக்கமான நாள்ல மூணு சதவீதம் வரைக்கும் போகும். அது பெரிய இழப்பு இல்ல. ஆனா அதே ஈரம் எரிபொருள் கேனுக்குள்ள போனா பெரிய இழப்பு, மெத்தனால் காத்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சிக்கும். மூடி சரியா மூடாம கராஜ்ல கிடந்த பாதி கேன், போன வருஷத்துது, அத ஊத்திட்டு இன்ஜின் சரியில்லைன்னா என்ன சொல்றது. சந்தேகம் வந்தா சீல் உடைக்காத புது கேன்ல இருந்து ஒரு டேங்க் ஊத்திப் பாருங்க, நீடிலைத் தொடாம. பழைய கேனை முகர்ந்தோ வாயில வச்சோ சோதிக்காதீங்க, மெத்தனால் கண்ணைப் பறிக்கிற விஷம்.

இனி ஒவ்வொரு "எப்ப" வா எடுத்துக்குவோம்.

ஆரம்பத்துல இருந்தே பவர் இல்லைன்னா, சிரிக்காதீங்க, முதல்ல கார்பரேட்டர் வாய்க்குள்ள பாருங்க. ட்ரான்ஸ்மிட்டர்ல ஸ்டிக்கை முழுசா தள்ளும்போது உள்ள காத்து வழியைத் திறந்து மூடுற உருளை முழுசா திறக்குதா? அத இழுக்கிற குட்டி மோட்டாரான சர்வோவோட கம்பி ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கும், இல்ல ரேடியோவுல எண்ட்பாயிண்டை (சர்வோ எவ்வளவு தூரம் போகணும்ங்கிற எல்லையை) யாரோ குறைச்சிருப்பாங்க, முக்கால்வாசிதான் திறக்கும், நீங்க நாள் பூரா நீடிலோட மல்லுக்கட்டுவீங்க. அடுத்து ப்ராப், போன தடவை போட்டதேதானா, பிட்ச் கூடுதலா இருக்கிறதை மாட்டிட்டீங்களா, நட் டைட்டா இருக்கா. அடுத்து மஃப்ளர் (சைலன்சர்), பழைய இன்ஜினா இருந்தா உள்ள ஆமணக்கெண்ணெய் காய்ஞ்சு தார் மாதிரி அடைச்சிருக்கும், சில மஃப்ளர்ல உள்ள இருக்கிற தட்டு கழண்டு வழியை மறைச்சிட்டு நிக்கும்.

இக்னைட்டரைக் கழட்டுன உடனே ஆர்பிஎம் விழுந்தா பிளக்கைப் பாருங்க, ஆனா முதல்ல ரிச்சா இருக்கான்னு கேட்டுக்கோங்க, ரிச் மிக்ஸ்சர் கம்பியை நனைச்சுக் குளிர வைக்கும், நல்ல பிளக்கே அப்படி நடந்துக்கும். மிக்ஸ்சர் சரியா இருந்தும் விழுந்தா பிளக்தான். கழட்டிப் பாத்தா நல்ல கம்பி பளபளன்னு இருக்கும், போன கம்பி சாம்பல் நிறமா, சொரசொரன்னு, நெளிஞ்சு இருக்கும். வெளிய வச்சு இக்னைட்டர் குடுத்தா சிவக்குதே, அப்ப நல்ல பிளக்தானேன்னு கேப்பாங்க. சிவக்கிறது கரண்ட்ல, ஓடுறது ரசாயன வினையில, கம்பி மேல படிவு இருந்தா சிவக்கும் ஆனா தாக்குப் பிடிக்காது. பிளக் விலை இன்ஜின் விலையில ஒரு சின்ன துண்டு, புதுசு ஒண்ணு பெட்டியில எப்பவும் வச்சிருங்க, சந்தேகம்னா மாத்திப் பாத்துட்டுப் பேசலாம். கம்பியில சின்னச் சின்ன உலோகப் பொட்டு ஒட்டியிருந்தா மட்டும் நிறுத்துங்க, உள்ள ஏதோ தேயுது, அது வேற விசாரணை. கரண்ட் கட் ஆகுற நேரத்துல இக்னைட்டரே சரியா சார்ஜ் ஆகாம இருந்து ஸ்டார்ட் ஆகாம படுத்துறதும் உண்டு, ஆனா அது பவர் பிரச்சனை இல்ல, ஸ்டார்ட்டிங் பிரச்சனை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தரையில நல்லா இருந்து மேல போனதும் தொங்குறது, இதுதான் அதிகமா வர்ற கேஸ், அதிகமா தப்பா புரிஞ்சுக்குற கேஸும் இதுதான். பெரும்பாலும் இன்ஜின்ல ஒண்ணும் இருக்காது, டேங்க்ல இருந்து நீடில் வரைக்கும் உள்ள அந்த ஒரு அடி டியூப்லதான் எல்லாம்.

டேங்குக்குள்ள ஒரு மிருதுவான டியூபோட நுனியில கிளங்க்னு ஒரு எடை தொங்கும், பிளேன் எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் எரிபொருள் இருக்கிற பக்கம் அதுவும் போகும். மூக்கு குத்தி இறங்கினா கிளங்க் முன்பக்கம் வந்து மடங்கி மாட்டிக்கும். அப்புறம் தரையில ஓடும், மூக்கைத் தூக்குன உடனே எரிபொருள் பின்னாடி போயிரும், கிளங்க் முன்னாடியே கிடக்கும், காத்தைத்தான் உறிஞ்சும். பிளேனைக் குலுக்குனா கிளங்க் சத்தம் கேக்கணும், கேக்கலைன்னா திறந்து பாருங்க. உள்ள இருக்கிற டியூப் பழசாகி விறைச்சுப் போனாலும் இதே கதி. அதைவிட கண்ணுக்குத் தெரியாத வில்லன் அந்த டியூப்ல விழுற ஊசி ஓட்டை. இளநி குடிக்கிற ஸ்ட்ராவுல மேல ஒரு ஓட்டை இருந்தா எப்படி காத்தும் சேர்ந்து வருமோ அதே மாதிரிதான், டேங்க் நிறைய இருக்கும்போது ஓட்டை எரிபொருளுக்குள்ள மூழ்கியிருக்கும், ஒண்ணும் தெரியாது, பாதி காலியானதும் ஓட்டை மேல வந்துரும், குமிழ் குமிழா காத்து போகும், இன்ஜின் லீனாகி இருமும். "டேங்க் பாதியானதும் தொங்குது" ன்னா கை முதல்ல அங்கதான் போகணும். டியூபைக் கழட்டி ஒரு நுனியை அடைச்சு தண்ணிக்குள்ள வச்சு ஊதுனா தெரிஞ்சிரும்.

டேங்க் வைக்கிற உயரமும் முக்கியம். டேங்க்கோட நடுக்கோடு நீடில் இருக்கிற மட்டத்துல, இல்ல அதுக்கு ஒரு 6ல இருந்து 10 மில்லிமீட்டர் கீழ இருக்கணும். ரொம்ப கீழ இருந்தா மூக்கைத் தூக்கும்போது லீனாகும், ரொம்ப மேல இருந்தா தரையில ரிச்சாகி வழியும். டேங்கைச் சுத்தி ஸ்பாஞ்ச் வச்சீங்களா? வைக்காம நேரா பலகையில ஒட்டி வச்சா இன்ஜின் அதிர்வுல எரிபொருள் நுரைச்சுரும், நுரைன்னா பாதி காத்துதானே. வெளிய தெரியுற டியூப்ல சின்னச் சின்ன குமிழா ஓடுச்சுன்னா இது, இல்ல மேல சொன்ன ஓட்டை.

மஃப்ளர்ல இருந்து டேங்குக்கு ஒரு டியூப் போகுதே, அது எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. புகை அழுத்தத்தைக் கொஞ்சம் டேங்குக்குள்ள குடுத்து எரிபொருளைத் தள்ளுறதுக்கு. அந்த நிப்பிள்ல கரி அடைச்சாலோ டியூப் கழண்டாலோ அழுத்தம் போயிரும், இன்ஜின் லீன் ஆகும். ஒரு மெல்லிசு கம்பியை விட்டு சுத்தம் பண்ணுங்க. ஃபில்டரும் அப்படித்தான், ஹைவெல்ட் குளிர்காலத்துல மழை அபூர்வம், மைதானம் பூரா செம்மண் தூசி, அது எப்படியாவது பம்ப் டியூப்ல ஒட்டி உள்ள போயிரும். ஃபில்டரோட மூடி சரியா முறுக்கலைன்னா ஃபில்டரே காத்து இழுக்கிற ஓட்டையாகும், அதனால கேன்ல இருந்து டேங்குக்கு ஊத்துற இடத்துலயே நல்லா வடிகட்டிட்டு பிளேன்ல ஃபில்டரே வைக்காதவங்களும் இருக்காங்க, எனக்கும் அதுதான் பிடிக்கும்.

நீடில் செட்டிங் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இல்ல, நிமிஷத்துக்கு ஒரு மாதிரி ஓடுது, ரெண்டு கிளிக் திருப்புனா ஒண்ணும் ஆகல மூணாவது கிளிக்ல படக்குனு மாறுதுன்னா, எங்கயோ காத்து கசியுது. கார்பரேட்டர் அடியில இருக்கிற ஓ ரிங், நீடில்ல இருக்கிற குட்டி ஓ ரிங், பின்பக்க மூடியோட கேஸ்கெட், அதோட நாலு ஸ்க்ரூ. ஸ்க்ரூ எல்லாத்தையும் சாவி போட்டு ஒரு தடவை பாத்துட்டாலே பாதி கேஸ் முடியும், அதிர்வுல தளர்ந்துரும். குறுக்கால மாத்தி மாத்தி முறுக்குங்க, அலுமினியம், பலம் காட்டுனா மரை போயிரும்.

சூடான பிறகு இறங்குதுன்னா, முதல் சந்தேகம் லீன், ரெண்டாவது சந்தேகம் கவ்ல். அழகுக்காக இன்ஜினை மூடி ஒரு கவ்ல் போட்டுருவாங்க, காத்து உள்ள வர வழி இருக்கும், வெளிய போக வழி இருக்காது. உள்ள வர்ற ஓட்டையை விட வெளிய போற ஓட்டை ரெண்டு மூணு மடங்கு பெருசா இருக்கணும். கவ்லைக் கழட்டிட்டு ஒரு ஃப்ளைட் போங்க, பிரச்சனை போயிருச்சுன்னா விடை கிடைச்சிருச்சு. மூணாவது, இன்ஜின் புதுசுன்னா இன்னும் பழக்கப்படாம இருக்கலாம், முதல் சில டேங்க் ரிச்சா ஓட்டி இறக்கணும், அத அவசரப்படுத்துனா சூட்டுல பிடிக்கும். நாலாவது, எண்ணெய். எரிபொருள்ல 18, 20 சதவீதம் எண்ணெய் இருக்கும், கைக்குக் கிடைச்சதைக் கலக்கி எண்ணெயைக் குறைச்சு காசு மிச்சம் பிடிக்கிற வேலை வேண்டாம்.

மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டு வர்றது, இப்பதான் இன்ஜினுக்குள்ளயே பாக்க வேண்டியது. அப்பவும் ஸ்பேனர் எடுக்காம கையாலயே நிறைய தெரிஞ்சுக்கலாம். இக்னைட்டர் மாட்டாம, டேங்க் டியூபைக் கழட்டிட்டு, ப்ராப்பை மெதுவா சுத்துங்க. பிஸ்டன் மேல வரும்போது நல்லா எதிர்க்கணும், அப்படியே பிடிச்சா கொஞ்ச நேரம் தாங்கணும். உஸ்ஸுன்னு எங்க போகுதுன்னு கேளுங்க, பிளக் அடியில ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாத்தா குமிழ் வந்தா பிளக் வாஷர், ஹெட் ஓரத்துல வந்தா ஹெட் ஸ்க்ரூ இல்ல கேஸ்கெட், எக்ஸாஸ்ட் வழியா போனா பிஸ்டன் பக்கம் தேய்மானம். ஏபிசி இன்ஜின்னு சொல்றது அலுமினிய பிஸ்டன், பித்தளை லைனர், அதுக்கு மேல க்ரோம் பூச்சு, இதுல ரிங் கிடையாது, குளிர்ந்திருக்கும்போது உச்சியில பிஸ்டன் இறுக்கமா பிடிக்கும், கீச்சுனு கூட சத்தம் வரும். புதுசா வாங்குனவங்க இதைப் பாத்து ஜாம் ஆயிருச்சுன்னு பயப்படுவாங்க, அது அப்படித்தான் இருக்கணும், அந்த இறுக்கம் சுத்தமா போயிட்டாதான் கவலைப்படணும். ஃபோர் ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜின்னா வால்வ் இடைவெளியையும் பாருங்க, சாதாரணமா 0.04ல இருந்து 0.10 மில்லிமீட்டர், உங்க இன்ஜின் மேனுவல்ல இருக்கிறதை எடுத்துக்கோங்க.

கழட்டிப் பாக்கும்போது லைனர் தேன் கலர்ல, பழுப்பா மினுமினுக்குதுன்னா அது தேய்மானம் இல்ல, ஆமணக்கெண்ணெய் சூட்டுல வெந்து வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கிட்டது. சூடானதும் பிஸ்டனைப் பிடிச்சு இழுக்கும், பவரைத் தின்னும். சொரண்டாதீங்க, சாண்ட் பேப்பரைப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. ரப்பர், பிளாஸ்டிக், ஓ ரிங் எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒரு பழைய ஸ்லோ குக்கர்ல காருக்கு ஊத்துற ஆன்டிஃப்ரீஸ்ல மூழ்க வச்சு காத்தோட்டமான இடத்துல ராத்திரி பூரா கம்மி சூட்டுல விட்டா காலையில பல்துலக்குற பிரஷ்ல தேய்ச்சாலே கழண்டு வரும். அந்த குக்கர் அதுக்கப்புறம் சமையலறைப் பக்கமே போகக்கூடாது, அந்தத் திரவம் விஷம், இனிப்பா வேற இருக்கும், நாய் பூனை நக்கிட்டா உயிர் போயிரும், மூடி வச்சு உயரத்துல வைங்க.

பேரிங், இது டர்பன்காரங்களோட தனிச் சொத்து. மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிஞ்சா அமிலம் உண்டாகும், கூட கடல் காத்து, பின்பக்க பேரிங் துருப்பிடிச்சுரும். ப்ராப்பைச் சுத்தும்போது மணல் அரைக்கிற மாதிரி கையில உணர்ந்தாலோ, ஓடும்போது ஒரு ஊளை சத்தம் சேர்ந்து வந்தாலோ மாத்த வேண்டியதுதான், அதோட துரு தூள் போய் பிஸ்டனையும் கோடு போடும். முன்பக்க பேரிங் வழியா எரிபொருள் நிறைய கசிஞ்சா அங்க காத்தும் உள்ள போகுதுன்னு அர்த்தம், மிக்ஸ்சர் அலையுறதுக்கு அதுவும் காரணமாகலாம். பேரிங்கை சுத்தியலால தட்டி எடுக்காதீங்க. இன்ஜினோட வெளிக்கூடான கேஸை மட்டும் ஓவன்ல சுமார் 150 டிகிரிக்கு சூடாக்கி, கையுறை போட்டு ஒரு மரக்கட்டையில தட்டுனா தானா விழும், புது பேரிங்கை ஃப்ரீஸர்ல வச்சிருந்து சூடான கேஸ்ல போட்டா வழுக்கிட்டு உட்காரும். ஓவன் வாசனை அடிக்கும், வீட்டுல ஆள் இல்லாத நேரமா பாத்துக்கோங்க. பேரிங் நம்பர் அது மேலயே அடிச்சிருக்கும், சைஸ் சரியா இருந்தா சாதாரண பேரிங் கடையிலயே கிடைக்கும், இன்ஜின் கம்பெனி பேரு போட்ட பாக்கெட்டுக்கு டபுள் காசு குடுக்க வேண்டியதில்ல.

துருப்பிடிக்காம பாத்துக்குறது இத எல்லாத்தையும் விட சுலபம். கடைசி ஃப்ளைட் முடிஞ்சதும் எரிபொருள் டியூபைக் கழட்டி இன்ஜினை அதுவே நிக்கிற வரைக்கும் ஓட விட்டு உள்ள இருக்கிறத எரிச்சிருங்க, டேங்கைக் காலி பண்ணுங்க, கார்பரேட்டர் வாயிலயும் பிளக் ஓட்டையிலயும் நாலு சொட்டு ஏடிஎஃப் எண்ணெய், கார் ஆட்டோ கியர்ல ஊத்துறதுதான், விட்டு, இக்னைட்டர் இல்லாம ஸ்டார்ட்டர்ல நாலு சுத்து சுத்தி பிளக்கை மாட்டிருங்க. டர்பன்ல இத மைதானத்துலயே செஞ்சிருங்க, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்னு விட்டா அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பெட்டியைத் திறக்கவே மாட்டீங்க.